ஏழு தகரப் பெட்டிகள்

பிறந்த குழந்தை எட்டாம் நாள் பால் குடிக்க வாயைத் திறக்கவில்லை என்றால், எடப்பாடிக்கு மேற்கே உள்ள ஊர்களில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. தாடை இறுகும். முதுகு வில்லாக வளையும். ஒரு நாளோ இரண்டு நாளோதான். காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்று சொல்லிக் குழி தோண்ட ஆள் அனுப்புவார்கள். தொப்புள்கொடி அறுத்த பன்னருவாளின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. காலையில் மாட்டுக்குப் புல் அறுத்த அருவாள், அது என்ன செய்யும்?

என்ன செய்யும் என்று சௌந்திரத்துக்குத் தெரியும். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் அவள். கட்டியவன் காலராவில் போனபின் அண்ணன் வீட்டு அடுப்படிக்குத் திரும்ப மனமில்லாமல், சேலத்தில் ஒன்றரை வருஷம் பிரசவப் படிப்புப் படித்தாள். 1931-இல் எடப்பாடிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் ஜில்லா போர்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், நாலு கட்டில். முதல் வருஷம் முழுக்கப் பிரசவத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஏழு பேர், வீட்டில் கைமீறிப் போனபின் வண்டியில் தூக்கிப் போட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள்.

பெற்றவள் வராவிட்டால், பிள்ளை எடுக்கிறவளையாவது வரவழைக்க வேண்டும். ஊர் ஊராகப் பிரசவம் பார்க்கும் கிழவிகளுக்கு வகுப்பு நடத்த அனுமதி கேட்டாள். போர்டு ஒரு வருஷம் கொடுத்தது. எட்டாம் நாள் சாவு குறைந்தால் வகுப்பு தொடரும். குறையாவிட்டால் வகுப்பும் இல்லை, அவளுக்கு அந்த ஊரும் இல்லை.

“நூறு பிள்ளை எடுத்தவளுகளுக்கு, ஒண்ணுகூடப் பெறாத நீங்க பாடஞ் சொல்லப் போறீங்களாக்கும்?” என்றார் கம்பவுண்டர் கந்தவேல், மருந்தைக் கலக்கிக்கொண்டே.

“கை கழுவத்தான் சொல்லித் தரப்போறேன். நீங்களும் வந்து உக்காருங்க, உங்களுக்கும் தெரியல” என்றாள்.

சந்தைக்கு ஆள் வரும் நாளாகப் பார்த்துச் சனிக்கிழமை வைத்தாள். மூன்று சனிக்கிழமை ஒரு ஈ காக்கை வரவில்லை. நான்காவது வாரம் குப்பாயி வீட்டுக்கு நடந்தாள். பதினோரு ஊருக்குப் பிள்ளை எடுப்பவள் குப்பாயி. அவள் வந்தால் மற்றவர்களும் வருவார்கள்.

 குப்பாயி சௌந்திரத்தின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சின்னக் கை. குறுக்கே கெடக்கற பிள்ளையக்கூடத் திருப்பிப்போடும். சரிங்க நர்சம்மா, வாரேன்.”

சொன்னபடி ஆறு பேரை இழுத்துக்கொண்டு வந்தாள். துணிப் பொம்மைக்குத் தொப்புளில் முறுக்கின துணிக்கயிறு தைத்து, எங்கே கட்டுவது, எங்கே வெட்டுவது என்று காட்டினாள் சௌந்திரம். கத்திரிக்கோலை எத்தனை நேரம் கொதிக்கவிட வேண்டும்? கடிகாரம் யாரிடம் இருக்கிறது? ஒரு பிடி அரிசி வேகும் நேரம் என்றாள்.

“அரிசிக்கு எங்கிங்கம்மா போறது? நோம்பி பண்டிகைக்குத்தான் கண்ணுல பாக்கறது. கம்பு வேகற நேரமுன்னு வெச்சுக்கலாமுங்களா?” என்றாள் குப்பாயி.

“வெச்சுக்குங்க. கம்பு வேக இன்னும் நேரமாகும், நல்லதுதான்.”

சிரிப்பும் வெற்றிலையுமாக வகுப்பு ஓடியது. ஒன்று மட்டும் ஏறவில்லை. கொதித்த கத்திரிக்கோலைத் தரையில் வைக்காதே என்றால் தரையில் வைத்தார்கள். முந்தானையில் துடைக்காதே என்றால் துடைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமியை அவளால் அவர்கள் கண்ணில் காட்ட முடியவில்லை. ஆறாம் வாரம் பொறுமை தீர்ந்தது.

“இதைச் சாமி சாமானம் மாதிரி வெச்சுக்கணும். கண்ட கை படக்கூடாது, அழுக்குப் படக்கூடாது. தெரிஞ்சுதா?”

ஏழு தலைகளும் ஒன்றாக ஆடின. அதற்குப் பின் ஒருத்தியும் தரையில் வைக்கவில்லை. இதை முதல் வாரமே சொல்லியிருக்கலாமே என்று சௌந்திரம் தன்னையே கடிந்துகொண்டாள்.

தை மாதம் ஆஸ்பத்திரியில் குழந்தை வாரம் கொண்டாடினார்கள். பந்தல் போட்டார்கள், வாழைமரம் கட்டினார்கள், கொழுத்த குழந்தைக்கு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார்கள். தலைமை தாங்கியவர் போர்டு மெம்பர் சின்னண்ணக் கவுண்டர். கத்திரிக்கோல், நூல், கார்பாலிக் சோப்பு, போரிக் பவுடர் எல்லாம் வைத்த தகரப் பெட்டி ஏழு. வகுப்புக்கு வந்த ஏழு பேருக்கும் அவரே ஒவ்வொன்றாகக் கொடுத்தார். குப்பாயி முந்தானையை விரித்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“எம் புள்ள அங்கம்மாளுக்குப் பங்குனியில தலைச்சன். இந்தப் பெட்டியோடதான் வந்து பாக்கோணும், ஆமா” என்றார் கவுண்டர். கூட்டம் கைதட்டியது.

பங்குனியில் அங்கம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மறுநாள் குப்பாயி சந்தோஷமாக வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

“பெட்டி எடுத்துக்கிட்டுப் போனீங்களா?”

“எடுக்காமப் போவனுங்களா!”

எட்டாம் நாள் காலை கவுண்டரின் வில்வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. போனதும் தெரிந்துவிட்டது. குழந்தையின் உதடு இழுத்து, சிரிப்பதுபோல் இறுகியிருந்தது. விரலால் தொட்டால் உடம்பு விறைத்தது. சௌந்திரம் பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் வைத்தாள். செய்வதற்கு அவ்வளவுதான் இருந்தது. படுக்கையைச் சரிசெய்யும்போது தலைமாட்டில் கையில் ஏதோ இடறியது. மஞ்சள் துணியில் சுற்றிய கத்திரிக்கோல். இரண்டு அலகிலும் குங்குமப் பொட்டு அழியாமல் இருந்தது.

அங்கே இருந்த குப்பாயியை மாட்டுக் கட்டுத்தரைக்குக் கூட்டிப்போய்க் கேட்டாள்.

“குப்பாயக்கா, கொடியை எதுல அறுத்தீங்க?”

“எப்பவும்போலப் பன்னருவாள்லதானுங்க.”

“அப்ப கத்திரிக்கோல் எதுக்கு?”

குப்பாயி அவளை விசித்திரமாகப் பார்த்தாள். “நீங்கதானுங்களே சாமி சாமானமுன்னு சொன்னீங்க? சாமி சாமானத்தக் கொண்டுபோயித் தீட்டுல உடுவாங்களா? இரும்பாச்சேன்னு, காத்துக் கருப்பு அண்டாமத் தலமாட்டுல வெச்சனுங்க. கொதிக்கவும் வெச்சனுங்கம்மா. கம்பு வேகற நேரம்.”

சௌந்திரம் மாட்டுத் தொட்டியில் கையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.  தான் சொன்னதைத்தான் குப்பாயி செய்திருந்தாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் குழந்தை இறந்தது. ஆஸ்பத்திரிக் கத்திரிக்கோல் தலைமாட்டில் இருந்தது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எத்தனை பிணம் கிடந்த இடத்துச் சாமானோ, அதன் காற்றுத்தான் பட்டது என்றார்கள். சௌந்திரம் கவுண்டரிடம் நேரில் போய்ச் சொன்னாள்.

“கத்திரிக்கோல் இல்லீங்க. கொடி அறுத்த அருவாள்தான் காரணம்.”

அவர் கத்தவில்லை. “அந்த மாதிரி அருவாள்லதானுங்க என்னையும் அறுத்தாங்க. நாஞ் சாகலியே?” என்றார். அடுத்த போர்டுக் கூட்டத்தில் வகுப்பு மூடப்பட்டது.

ஆஸ்பத்திரியின் வருஷ அறிக்கையைக் கந்தவேல் உரக்கப் படித்தார். குழந்தை வாரம் சிறப்பாக நடந்தேறியது. ஏழு பெண்கள் பயிற்சி பெற்றனர். ஏழு பெட்டிகள் வழங்கப்பட்டன. மருத்துவச்சி சௌந்திரம், காவேரிக்கு அக்கரையில் வேறு ஊருக்கு மாற்றப்படுகிறார். எட்டாம் நாள் சாவு பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. படித்து முடித்ததும் கந்தவேல் கண்ணாடியைக் கழற்றினார். கேலி ஒன்றும் பேசவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கிளம்ப இரண்டு வாரம் இருந்தது. டாக்டர் அலமாரியில் மிச்சமிருந்த சோப்புகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வீடாக நடந்தாள். ஆறு வீட்டிலும் பெட்டி சாமி மாடத்தில் இருந்தது. ஒரு வீட்டில் அரளிப்பூ, ஒரு வீட்டில் விளக்கு. ஒன்றின் சோப்பும் கரையவில்லை. இறக்கச் சொல்லி, பூசணித் தண்டில் நூலைக் கட்டி, அந்தக் கத்திரிக்கோலால் வெட்டவைத்தாள். ஒருத்தி வெட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கடைசியாகக் குப்பாயி வீடு. அவளுக்கு ஒரு தடவை காட்டியதே போதும். கைகழுவி, கொதிக்கவைத்து, இரண்டு கட்டுக்கு நடுவே நறுக்கென்று வெட்டினாள். சௌந்திரத்தைவிடச் சுத்தமாகச் செய்தாள்.

“இனி இப்படித்தானுங்க. ஆனா ஆரு கூப்புடறாங்க? ஒரு மாசமாச்சுங்க, ஒருத்தரும் வாசல்ல வந்து நிக்கல. எல்லாம் சென்னியம்மாளத்தான் கூப்புடறாங்க. அவகிட்டப் பெட்டி இல்லையாம், அதனால.”

“பெட்டியைச் சென்னியம்மாள்கிட்டயே குடுத்துப் பாக்கலாமே?”

“குடுத்தனுங்க. ஊட்டு வாசப்படி தாண்டி வெக்க உடலை.”

திரும்புகிற வழியில், இரண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேரியில் சென்னியம்மாள் எதிரே வந்தாள். வகுப்புப் பக்கமே தலைகாட்டாதவள். முன்னால் ஒரு ஆள் அவசரமாக நடந்தான். அவள் இடுப்பில் அருவாள் செருகியிருந்தது.

“எங்க போறீங்க?”

“கண்ணுசாமி ஊட்டுக்குங்க, சாமி. தலைச்சன்.”

“நானும் வரட்டுமா?”

“நீங்க வந்தாக் கதவச் சாத்திப்போடுவாங்க சாமி. நகருங்க, நேரமாகுது.”

சௌந்திரம் பையைத் துழாவிக் கடைசிச் சோப்பை எடுத்து நீட்டினாள். “கையையும் அருவாளையும் இதுல கழுவிட்டு, அருவாளைக் கொதிக்க வெச்சு அறுங்க. சாமி சாமானம் இல்ல இது, வெறும் சோப்பு.”

சென்னியம்மாள் வாங்கி மோந்து பார்த்தாள். முகம் சுளித்தாள்.

“நாத்தமாட்ட இருக்குது. துணிக்கு ஆகும்” என்று முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

மாற்றலுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அந்தக் குழந்தையின் எட்டாம் நாள் சௌந்திரம் அங்கே இருக்கமாட்டாள்.