வயது ஏறாத கன்று

திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் அன்றைக்குத் தனித்தனி நகராட்சி. அதில் எந்த நகராட்சியின் சுகாதாரப் பிரிவில் நான் பியூன் என்று சொல்லப் போவதில்லை. இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

பாப்பாயி எங்கள் ஊர்க்காரி இல்லை. முசிறிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். சீராகக் கூடவே ஓட்டிவந்தது ஓர் எருமைக் கிடேரி. புருஷன் அம்மாசி லாரியில் கிளீனர். பேருக்குத் தகுந்தபடி மாதத்தில் ஒரு நாள்தான் வீட்டில் தென்படுவான். அந்த ஒரு நாளும் தூங்குவான். ஆகவே அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஆள் எருமைதான். அதற்கு மகராசி என்று பெயர்.

பால் வியாபாரம் என்றால் அப்போது பாலைக் கொண்டுபோய் ஊற்றுவதில்லை. எருமையையே வாசலுக்கு ஓட்டிப் போகவேண்டும். வீட்டுக்காரம்மா கண்ணெதிரே சொம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுக் கறக்கவேண்டும். அப்படியும், "சொம்பு ஏன்டி ஈரமா இருக்கு?" என்று கேட்பார்கள். "கழுவினா ஈரமா இருக்காதாம்மா? கழுவாம கொண்டாரட்டா?" என்பாள் பாப்பாயி. வாய் அவளுக்குக் கொஞ்சம் நீளம்.

மகராசியின் இரண்டாவது ஈற்றில் பிறந்த கன்று ஒரு மாதத்தில் செத்துப்போனது. கன்று இல்லாவிட்டால் எருமை மடியை இறுக்கிக்கொள்ளும். தலைகீழாக நின்றாலும் சொட்டுப் பால் விடாது. பாப்பாயி மற்றவர்கள் செய்வதைத்தான் செய்தாள். கன்றின் தோலை உரித்து உப்புப் போட்டுக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்து, காலுக்கு நாலு குச்சி வைத்துத் தைத்தாள். முதுகில் உப்புத் தண்ணீரும் தவிடும் தடவி முன்னால் நிறுத்தினால் மகராசி நக்கிக்கொண்டே பாலை விட்டுவிடும். அந்த வைக்கோல் கன்றுக்குச் சின்னவன் என்று பெயர். விடிந்ததும் ஒரு கையில் எருமைக் கயிறு, இடுப்பில் சின்னவன் என்று அவள் கைப்பிள்ளைக்காரி மாதிரி தெருவில் போவதை ஊரே பார்த்திருக்கிறது.

பார்க்காதவர் ஒரே ஒருவர். புதிதாக மாற்றலாகி வந்த சானிட்டரி இன்ஸ்பெக்டர் சவரிநாதன்.

சவரிநாதன் நல்ல மனிதர். ஓசியில் ஒரு டீ குடிக்கமாட்டார். பிளீச்சிங் பவுடரை அவ்வளவு நேசித்த ஆளை நான் பார்த்ததில்லை. அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால்கூட அந்த வாசனைதான் வரும். ஆனால் மாடு என்றால் பயம். முன்பிருந்த ஊரில் ஒரு எருமை அவரைச் சாக்கடையில் தள்ளியதாகக் கேள்வி. நானாகக் கேட்டதில்லை.

அந்த வருஷம் ஊரில் காலரா பயம். மாட்டுக்கொட்டில்களைச் சோதனை போடச் சொல்லிச் சுகாதாரக் கமிட்டி உத்தரவிட்டது. ஊருக்குள் எருமை வளர்க்க லைசென்ஸ் வேண்டும். ஆறு மாதம் தாண்டிய கன்றுக்கும் வேண்டும். கணக்குக்கு மேல் ஒன்று இருந்தாலும் இருக்கிற லைசென்ஸ் ரத்து. மாட்டை ஊர் எல்லைக்கு வெளியே ஓட்டிவிட வேண்டும். மண்ணச்சநல்லூர்ப் பக்கம் கொண்டுபோய்க் கட்டினால் பாப்பாயி யார் வாசலில் போய்க் கறப்பாள்?

நாங்கள் போனபோது அவள் புல்லுக்குப் போயிருந்தாள். கொட்டிலில் மகராசி திரும்பிப் பார்த்து ஒரு மூச்சு விட்டது. சவரிநாதன் அங்கேயே நின்றுவிட்டார். சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தே எட்டிப் பார்த்து, "எருமை ஒண்ணு. கன்று ஒண்ணு. பாத்தா ஆறு மாசம் தாண்டியிருக்கும். கன்றுக்கு லைசென்ஸ் இல்ல. நோட்டீஸ ஒட்டுய்யா" என்றார்.

"ஐயா, அது வைக்கோலுங்க" என்றேன்.

"வைக்கோல் எங்கயும்தான் இருக்கும். கன்றைச் சொல்றேன்."

"கன்னுதாங்க வைக்கோலு."

அவருக்கு விளங்க வைத்து முடிப்பதற்குள் ஒட்டிய நோட்டீஸில் பசை காய்ந்துவிட்டது. பிறகு முகம் மாறியது. "அப்ப மேல இருக்கறது செத்த மாட்டுத் தோலா? குடியிருக்கிற வீட்ல தோல் வச்சிருக்கறது அதைவிடப் பெரிய குத்தமாச்சே."

புல்லுக்கட்டோடு வந்த பாப்பாயி நோட்டீஸைப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. அதில் இருந்ததையும் தோல் சங்கதியையும் நான்தான் சொன்னேன்.

"உசுரு இருக்குன்னு சொன்னா லைசென்ஸ் போயிரும். இல்லைன்னு சொன்னாலும் போயிரும். அப்படித்தானே?" என்றாள்.

"சனிக்கிழமை கமிட்டியில வந்து சொல்லு" என்றார் சவரிநாதன். குரலில் பழைய விறைப்பு இல்லை. தன் தவறு அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் ஒட்டிய நோட்டீஸைக் கிழிக்கிற வழக்கம் எங்கள் ஆபீசில் கிடையாது.

சனிக்கிழமை பாப்பாயி எருமையோடும் சின்னவனோடும் வந்துவிட்டாள். ஆபீஸ் முற்றத்தில் கால் வைத்ததும் மகராசி சாணி போட்டது. சுகாதாரக் கமிட்டி வாசலில் சாணி. அதற்கு யாரும் நோட்டீஸ் ஒட்டச் சொல்லவில்லை. நான்தான் அள்ளினேன்.

கமிட்டித் தலைவர் பரக்கத் அலி. பெரிய கடைவீதியில் ஜவுளி வியாபாரம். மற்ற மெம்பர்களில் முக்கியமானவர் ஒரு வக்கீல். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கன்றுன்னா மூச்சு விடணும். இது விடல. ஆகவே இது தோல்" என்றார்.

"வக்கீலய்யா, நித்தம் உங்க வாசல்லதானே இத நிறுத்திக் கறக்கறேன். நேத்திக்குக் காப்பி குடிச்சப்ப அது தோலா தெரியலையா?" என்றாள் பாப்பாயி.

"நான் எழுந்துக்கறதுக்குள்ள நீ போயிடறே" என்றார் வக்கீல். அது உண்மைதான்.

பரக்கத் அலி கையை உயர்த்தினார். "ஜவுளிக் கடையில பொம்மைக்குச் சேலை கட்டி வைக்கிறோம். அத யாரும் பொம்பளைன்னு சொல்றதில்ல. ஆனா ஒரு பொம்மைய அதோட ஆத்தா வந்து புள்ளைன்னு சொன்னா நான் என்ன பண்ண? எருமைய விட்டுப் பாருங்க."

பாப்பாயி சின்னவனை முற்றத்தில் நிறுத்தினாள். ஒரு கால் குச்சி ஆடியது. ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தாள். மகராசி கிட்டே போய் முகர்ந்தது. புது இடத்துக்கு வந்த கலவரத்தில் இன்றைக்கு விடாதோ என்று எனக்கே பயம். பாப்பாயி வாய் பேசவில்லை; அவள் பேசாமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். மகராசி நாக்கை நீட்டிச் சின்னவனின் முதுகை ஒரு இழுப்பு நக்கியது. மறு இழுப்பில் சொம்பில் சர்ரென்று சத்தம்.

"தாய் ஒத்துக்கிட்டா. கன்றுதான். எழுதிக்குங்க" என்றார் பரக்கத் அலி. "சரி, இதுக்கு என்னம்மா வயசு?"

"சாகறப்ப ஒரு மாசங்க பாய்."

"இனிமே ஏறுமா?"

"எப்படிங்க ஏறும்?"

"ஆறு மாசம் தாண்டாத கன்றுக்கு லைசென்ஸ் தேவையில்ல. அடுத்தது என்னய்யா?"

சவரிநாதன் நிம்மதியாக மூச்சு விட்டார். நோட்டீஸில் கன்று என்று எழுதியது சரியாகிவிட்டது. குற்றமும் இல்லாமல் போய்விட்டது. ஆனால் மனிதர் அதோடு நிற்கவில்லை. "கன்றுன்னா வெக்கை நோய்க்கு ஊசி போடணும்" என்றார். ஊசிக்காரர் வந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், சின்னவன் தொடையில் குத்தினார். குச்சியில் பட்டு ஊசி வளைந்தது. அன்றைக்குக் கறந்த பாலில் கமிட்டிக்குக் காப்பி வந்தது. வக்கீல் இரண்டு டம்ளர் குடித்தார்.

அடுத்த ஈற்றில் மகராசி நல்ல கன்றாக ஒன்று போட்டது. சின்னவனுக்கு வேலை போயிற்று. பாப்பாயி அவனைக் குப்பைமேட்டில் போடப் போனவள், வழியில் சவரிநாதனிடம் மாட்டிக்கொண்டாள்.

"கமிட்டி கன்றுன்னு ஒத்துக்கிட்டது. செத்த கன்றைக் குப்பையில போடக்கூடாது. ஊருக்கு வெளிய குழி வெட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுப் புதைக்கணும்."

குழி வெட்டியவன் நான். பவுடரைத் தன் கையாலேயே தூவியவர் சவரிநாதன். கொஞ்சம் தாராளமாகவே தூவினார். பாப்பாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பவுடர் காரம் என்றாள். இருக்கலாம். மேய்ச்சலுக்கு ஓட்டி வந்திருந்த மகராசி சற்றுத் தள்ளி நின்று, புதுக் கன்றை நக்கிக்கொண்டிருந்தது. குழிப் பக்கம் திரும்பவே இல்லை.

அதைப் பார்த்துவிட்டுப் பாப்பாயி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இன்ஸ்பெக்டரய்யா, இது நெச கன்னுங்க. வயசு ஏறும். ஆறு மாசத்துல லைசென்ஸுக்கு வருவேன். அப்பவாச்சும் கிட்ட வந்து பாருங்க."

சவரிநாதன் மகராசியை ஒருமுறை பார்த்தார். "இங்கேருந்தே நல்லாத் தெரியுதும்மா" என்றார்.