சுண்ணாம்பு அடித்த விண்ணப்பம்

எங்கள் அண்ணியை யாராவது சாது என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். சத்தம் போட்டுப் பேசமாட்டார், அவ்வளவுதான். அதை வைத்துச் சாது என்று நினைத்து ஏமாந்தவர்களில் நான்தான் முதல் ஆள். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்த முதல் வாரமே, அலமாரியில் எந்தத் தட்டில் யார் துணி என்று எனக்கும் அவருக்கும் சண்டை. இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அது முடிந்தபாடில்லை.

சந்தையின் பின்வாசல் பக்கம் அண்ணன் சாவிக்கடை வைத்திருந்தான். பூட்டு பழுது பார்ப்பது, தொலைந்த சாவிக்குப் புதுச்சாவி வெட்டுவது. நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்ச் சேர்ந்தான். யார் யாரோ வந்து சாவி வெட்டும் மிஷினை விலைக்குக் கேட்டார்கள். அண்ணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மூன்றாவது வாரம் கடையைத் திறந்து அவரே மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

முதல் மாதம் அவர் வெட்டிய சாவி எதுவும் எந்தப் பூட்டையும் திறக்கவில்லை. திருப்பிக் கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் வேறு வெட்டிக் கொடுத்தார். விரல் நுனியெல்லாம் அரம் கிழித்த காயம். ஒரு பெரியவர் நக்கலாக, "இதெல்லாம் பொம்பளை செய்யற வேலையாம்மா?" என்று கேட்டார். "அதைப் பூட்டு கேக்கலையே, நீங்க மட்டும்தான் கேக்கறீங்க" என்றார் அண்ணி, தலையை நிமிர்த்தாமலே. ஒரு வருடத்துக்குள் சந்தையே அவரைச் சாவிக்காரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது.

பக்கத்துக் கடை என்னுடையது. பித்தான், ஜிப், நூல்கண்டு, எலாஸ்டிக். பத்தொன்பது வருடமாக அங்கே உட்கார்ந்திருக்கிறேன். எந்த டப்பாவில் எந்தப் பித்தான் என்று கண்ணைக் கட்டிக்கொண்டு எடுப்பேன்.

இனி சொல்லப்போவது கூச்சமான விஷயம். கூச்சப்பட்டுத்தான் நாசமாய்ப் போனோம், அதனால் சொல்லிவிடுகிறேன். சந்தைக்குப் பின்னால் பெண்களுக்கென்று கழிப்பறை ஒன்று இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு மழையில் கூரை பாதி இறங்கியது. குழாய் உடைந்தது. கதவுகளை எவனோ கழற்றிக்கொண்டு போனான். எத்தனையோ முறை வாய்வார்த்தையாகச் சொன்னோம், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சந்தையில் கடை போடும் பெண்கள் நாற்பத்து மூன்று பேர். காலை ஆறு மணிக்கு வந்தால் பொழுது சாயும்போதுதான் வீடு. ஆண்களுக்கு என்ன, சுவர் இருந்தால் போதும். நாங்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. வீட்டை விட்டுக் கிளம்பினால் நாக்கை நனைப்பதோடு சரி. வெயில் காலத்திலும் அப்படித்தான். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

அந்தப் பெருமை போன கோடையில் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தது. இடுப்பில் குத்து, குளிர்காய்ச்சல், பித்தான் டப்பாக்களின் மேலேயே சரிந்துவிட்டேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சின்னப் பெண். "ஒரு கிட்னி ஏற்கெனவே கெட்டுப்போச்சு. இன்னொண்ணையாவது காப்பாத்திக்கணும். நேரத்துக்கு நேரம் தண்ணி குடிக்கணும். முடியலைன்னா அந்தக் கடைக்குப் போறதை நிறுத்துங்க" என்றாள். "குடிச்சா எங்கே போறதுன்னு நீங்களே சொல்லுங்க டாக்டர்" என்றேன். அவள் மாத்திரைச் சீட்டை எழுத ஆரம்பித்தாள்.

வீட்டில் என் கணவரும் மகளும் முடிவே செய்துவிட்டார்கள். வருடக் கடைசியோடு கடையை விட்டுவிட வேண்டும். நானும் சரி என்றேன். சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வீட்டில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன்? அந்தக் கடையை விட்டால் எனக்கென்று ஒரு இடம் உலகத்தில் இல்லை.

விஷயத்தைக் கேட்டு அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறுதலாக ஒரு சொல் சொல்லக்கூடாதா? மனுஷிக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா என்று என் மகளிடம்கூடத் திட்டித் தீர்த்தேன்.

பத்து நாள் கழித்து நகராட்சி அலுவலகத்தில் ஒரு பீரோவின் சாவி தொலைந்துவிட்டது என்று அண்ணியைக் கூப்பிட்டார்கள். திறந்து கொடுத்தார். உள்ளே மேல்தட்டில் கட்டுக் கட்டாக ஒரே மாதிரித் தாள்கள். "இது என்னங்க?" என்று கேட்டிருக்கிறார். பொது வசதித் திட்டம், மக்கள் குழுவாகச் சேர்ந்து விண்ணப்பித்தால் அரசு கட்டித் தரும், உடலுழைப்பில் ஒரு பங்கு மட்டும் குழு தர வேண்டும், என்றார் எழுத்தர். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?" என்று கேட்டும் விட்டார். ஒரு தாள் கட்டு வாங்காமல் அண்ணி அங்கிருந்து நகரவில்லை.

பதினோரு பக்கம். என் கடை மேசையில் வைத்துத்தான் நிரப்பினோம், அவர் மேசை முழுக்க இரும்புத்தூள். குழுவின் பெயர் என்று ஒரு கட்டம். எங்களுக்கு ஏது குழு? 'சந்தைப் பெண் வியாபாரிகள் குழு' என்று அந்த நிமிடமே ஒன்று ஆரம்பித்தோம். அண்ணி தலைவி. நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வெங்காயக்காரம்மா, "கையெழுத்துப் போட்டா கடையைப் பிடுங்கிட்டா?" என்று இரண்டு நாள் இழுத்தடித்தாள்.

கடைசிப் பக்கத்தில் வந்தது வினை. 'கட்டடத்தின் தற்போதைய நிலையைக் காட்டும் புகைப்படம் இணைக்கவும்.'

"இந்தக் கண்றாவியையா அதிகாரிங்களுக்கு அனுப்பறது? நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றாள் உருளைக்கிழங்கு விற்பவள். எல்லோருக்கும் அதே நினைப்பு. எனக்கும்தான், பொய் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மொத்தப் பேரும் திரண்டோம். குப்பையை வாரினோம், தரையைத் தேய்த்தோம், முன்பக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்பைக் கரைத்ததே அண்ணிதான். யாரோ இரண்டு பூந்தொட்டி கொண்டுவந்து வைத்தார்கள். வாசல் மட்டும் பொக்கை வாய் மாதிரி இருந்தது. முட்டைக்காரம்மாவின் கணவர் தன் கிடங்குக் கதவைக் கழற்றித் தூக்கி வந்தார். மாட்டக் கீல் இல்லை. நிறுத்திவைத்து, அவரே உள்ளே நின்று பிடித்துக்கொண்டார். ஸ்டூடியோக்காரர் படம் எடுத்தார். படத்தைப் பார்த்து எங்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கே வாடகைக்கு விடலாம் என்றேன் நான்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. 'புகைப்படத்தின்படி கட்டடம் நல்ல நிலையில் உள்ளது. நிதி ஒதுக்கத் தேவை எழவில்லை.'

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று அண்ணி மேல் பாய்ந்தேன். உண்மையில் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அண்ணி கடிதத்தை நான்கு தடவை படித்தார். மடித்துப் பைக்குள் வைத்தார்.

"தப்பு நம்மளுதுதான். போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றார்.

"யார்கிட்ட?"

"கேக்கறவங்க கிடைக்கற வரைக்கும் எல்லார்கிட்டயும்."

மறுநாள் கடையைச் சாத்தினார். அண்ணன் போனபிறகு வேலை நாளில் அவர் கடை சாத்தி நான் பார்த்ததில்லை. அலுவலகத்துக்குக் கால் தேய நடந்தார், பதினோரு தடவை. இந்த மேசை அந்த மேசையைக் கைகாட்டும், அந்த மேசை சாப்பிடப் போயிருக்கும். ஒன்பதாவது தடவை அந்தப் பீரோ எழுத்தரே பரிதாபப்பட்டு, மேல்முறையீடு எழுதினால் பொறியாளர் நேரில் வந்து பார்ப்பார் என்று சொல்லிக் கொடுத்தார். ஒரே ஒரு சிக்கல். என்றைக்கு வருவார் என்று சொல்ல மாட்டார்கள்.

அதற்குள் இரண்டு மழை பெய்து சுண்ணாம்பு கரைந்துபோனது. குப்பையும் திரும்பக் குடியேறிவிட்டது. அண்ணி எல்லோரையும் கூட்டினார்.

"அவர் வந்துட்டுப் போற வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் துடைப்பத்தோட போகக்கூடாது."

ஐயோ, அன்றைக்கு நடந்த கூச்சல்! "வெளியாள் வரும்போது பெருக்காம இருக்கறதா?" "நாம என்ன பன்னிங்களா?" அண்ணி அசையவில்லை. மூன்றாம் நாள் விடிந்தும் விடியாமலும் உருளைக்கிழங்குக்காரி பிளீச்சிங் பவுடர் டப்பாவோடு பதுங்கிப் போனதை நானே கையும் களவுமாகப் பிடித்தேன். "ராத்திரி பூரா தூக்கம் வரலைக்கா, ஒரு ஓரமா மட்டும்" என்று கெஞ்சினாள். அன்றைக்கே அண்ணி தன் கடையிலிருந்த பெரிய பூட்டை எடுத்துப்போய், கழிப்பறைக்குப் போகும் சந்து முனைக் கம்பிக்கதவில் மாட்டினார். குப்பைக்குப் பூட்டுப் போட்ட ஒரே ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஒன்பதாம் நாள் உச்சி வெயிலில் வந்தார் பொறியாளர். ஓய்வு வயதை நெருங்கிய மனிதர், ஒரு கையில் குடை, ஒரு கையில் கோப்பு. அண்ணி பூட்டைத் திறந்தார். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார், கோப்பிலிருந்த படத்தைப் பார்த்தார், மறுபடியும் உள்ளே பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"நாலு மாசம் முன்னாடி இப்படிப் பளிச்சுன்னு இருந்திருக்கு. பூட்டு வேற போட்டிருக்கீங்க. நிதி வாங்கறதுக்காக நீங்களே கெடுத்து வெச்சிருக்கீங்களா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று யார் நினைத்தோம்? வெங்காயக்காரம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"சார், அந்தப் படத்தைக் கொஞ்சம் குடுங்க" என்றார் அண்ணி. பூட்டுக்குள் பார்க்கும் பூதக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்தார். "நான் பூட்டு வேலை செய்யறவ. கதவைத்தான் முதல்ல பார்ப்பேன். இந்தக் கதவுல கீல் இருக்கா பாருங்க. தாழ்ப்பாள் இருக்கா? இந்த ஓரத்துல என்ன தெரியுதுன்னும் பாருங்க."

பொறியாளர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கதவின் ஓரத்தில், வெளிப்பக்கம் மடங்கி, நான்கு தடித்த விரல்கள்.

"இது யாரு?"

"முட்டைக்காரம்மா வீட்டுக்காரர் சார். கதவு விழாம உள்ளே நின்னு பிடிச்சிட்டிருக்கார்." என்றார் அண்ணி. "நாங்க ஏமாத்தினது உண்மைதான். ஆனா அன்னிக்குத்தான் சார் ஏமாத்தினோம். அசிங்கத்தைக் காட்ட வெக்கப்பட்டோம். இன்னிக்கு இருக்கறதுதான் நாலு வருஷமா இருக்கறது. இதோ நிக்கறா பாருங்க என் நாத்தனார், தண்ணி குடிக்காமலே ஒரு கிட்னியைக் கெடுத்துக்கிட்டா."

நாற்பத்து இரண்டு பேர் முன்னால் என் கிட்னியை ஏலம் விட்டுவிட்டார். நான் முறைத்தேன். பொறியாளர் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வாய்விட்டே சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையை அளந்தார், எழுத ஆரம்பித்தார்.

"தேவைன்னு எழுதிடறேன்மா. ஒண்ணு பாக்கி. பராமரிப்புப் பொறுப்பாளர்னு ஒருத்தர் கையெழுத்துப் போடணும். அஞ்சு வருஷத்துக்கு. தினமும் சந்தையில இருக்கறவங்களா இருக்கணும். தலைவியே போடக்கூடாது."

இவ்வளவு நேரம் கூட்டமாக நெருக்கியடித்து நின்றவர்கள் மெல்ல ஆளுக்கொரு அடி பின்னால் போனார்கள். வெங்காயக்காரம்மாவுக்கு மூட்டுவலி. உருளைக்கிழங்குக்காரி வீட்டில் கேட்டுச் சொல்ல வேண்டும். முட்டைக்காரம்மா வானத்தைப் பார்த்தாள். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. வருடக் கடைசியில் போகப்போகிறவள்தானே என்று என்னைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"ஆள் இல்லைன்னா நான் அனுப்ப முடியாதும்மா" என்று பொறியாளர் பேனாவை மூடினார்.

"திறங்க சார் அதை. இங்கே குடுங்க" என்றேன்.

அண்ணி அப்போதுதான் திரும்பினார். "உன் வீட்டுக்காரர்கிட்ட கேட்டியா?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க அண்ணி. என் கிட்னியைச் சந்தையில விக்கும்போது என்னைக் கேட்டீங்களா?"

கையெழுத்துப் போட்டேன். கை கொஞ்சம் வேகமாகப் போய்த் தாளே கிழியப் பார்த்தது. நிமிர்ந்தால், அண்ணியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டுகிறது. அண்ணன் போன அன்றைக்குக்கூட இப்படி எல்லோர் முன்னாலும் அழாதவர்.

"நீ போயிட்டா நான் யார்கூடடி சண்டை போடறது?" என்றார். "அதுக்குத்தானே இவ்வளவு நடந்தேன்."

இந்த மனுஷிக்கு மனசு இல்லை என்றா சொன்னேன்? என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதை அவரிடம் சொல்வேனா? பொறியாளர் பக்கம் திரும்பினேன்.

"சார், அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் யாரு?"

"அப்புறம் புதுசா ஒருத்தர் கையெழுத்துப் போடணும்மா."

"புதுசா யாரும் வேண்டாம். என் பேருக்குக் கீழேயே கொஞ்சம் இடம் விட்டு வைங்க" என்றேன்.