கோழி வலைச் சுவர்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் கோட்டை. பிறந்தபோது வைத்த பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார். சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளைக் கட்டிய கொத்தனார். தன் வீட்டைக் கட்டும்போது மட்டும் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளிச்சுவரின் கனத்துக்கே உள்சுவர்களையும் எழுப்பினார். போதாக்குறைக்கு, பூச்சு வெடிக்கக் கூடாதென்று சுவர் முழுக்கக் கம்பியால் பின்னிய கோழி வலை அடித்து அதன்மேல் பூசினார். மற்றவர்கள் வீட்டுச் சுவர்களை அவர் சுவர் என்றே ஒப்புக்கொள்வதில்லை. பிஸ்கட் என்பார்.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்கு மருமகள் வந்தாள். அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் மக்கர் செய்தால் வாங்கியவர்கள் போனில் கூப்பிட்டுக் கத்துவார்கள். இவள் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். ரவுட்டர் கூடத்தில் இருந்தது. அவளுடைய அறைக்குள் போய்க் கதவை மூடினால் வைஃபை செத்துப்போகும். மகன் ஒரு ரிப்பீட்டர் வாங்கிவந்து, சிக்னலே வராத அந்த அறையில் கொண்டுபோய் மாட்டினான். வராததை அது எங்கிருந்து பிடித்துத் தரும்? விளக்கு மட்டும் ஜோராக எரிந்தது.

கடைசியில் அவள் கூடத்திலேயே, மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் மேசை போட்டுக்கொண்டாள். கோட்டைக்கு உள்ளூர ஒரே குஷி. மனைவி போன பிறகு பகலெல்லாம் ரேடியோவே கதியென்று கிடந்த மனிதர் அவர். இரண்டு அழைப்புகளுக்கு நடுவே, "மாமா, பிளக்கையே சொருகாம தண்ணி வரலைன்னு ஒருத்தர் கத்தறார்" என்று அவள் சிரிப்பாள். இவரும் சேர்ந்து சிரிப்பார்.

மகன் விடவில்லை; இணைப்புக் கொடுத்த ஆளை வரவழைத்தான். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள கம்பி கிம்பி ஏதாவது இருக்கா ஐயா? இருந்தா சிக்னல் அங்கேயே நின்னுடும்."

"வெறும் செங்கல்தான்," என்றார் கோட்டை, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"எதுக்கும் ஒரு ஓட்டை போட்டு, அந்தப் பக்கம் ஒயரைக் கொண்டுபோய் இன்னொரு ரவுட்டர் வெச்சுட்டா வேலை முடிஞ்சுது."

"என் சுவர்ல யாரும் கை வைக்கக் கூடாது."

வந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கிழவருக்குச் சுவர்மேல் அவ்வளவு பாசம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். பாசம் உண்டுதான். ஆனால் சுவர்மேல் மட்டும் இல்லை.

ஒருநாள் மத்தியானம் மருமகள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, வந்த அழைப்பை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா."

"சும்மா சொல்லு."

"பின்னால ரேடியோ சத்தம், இருமல் சத்தம்னு புகார் போயிருக்கு. இன்னொரு தடவை வந்தா வேலை இல்லைன்னுட்டாங்க."

"எங்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?"

"ரேடியோவையாவது அணைக்கச் சொல்லலாம். இருமறவர்கிட்ட இருமாதீங்கன்னு எப்படிச் சொல்றது?"

கோட்டைக்குச் சுருக்கென்று தைத்தது. தன் தனிமைக்குத் துணையாக இந்தப் பெண்ணின் பிழைப்பையல்லவா பிடித்து வைத்திருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவரே உளியும் சுத்தியலும் எடுத்தார். பூச்சு உதிர்ந்ததும் கோழி வலை பளிச்சென்று தெரிந்தது. மறுபடியும் வரவழைக்கப்பட்ட இணைப்புக்காரர் அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"வெறும் செங்கல்தான்னீங்களே ஐயா!"

"பொய் சொன்னேன். ஒயரைக் கொடுங்க."

கத்தரித்த வலைக்குள் ஒயர் நுழைந்து அறைக்குப் போனது. மேசையும் பின்னாலேயே போனது. கதவு மூடிக்கொண்டது. அவர் கட்டிய சுவராயிற்றே, அவள் பேசுவது ஒரு முணுமுணுப்பாகக்கூட வெளியே வரவில்லை. கோட்டை ரேடியோவைப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. மருமகள் தலையை மட்டும் நீட்டினாள்.

"சூப்பரா எடுக்குது மாமா. ஆனா யார்கூடச் சிரிக்கறது? கதவைக் கொஞ்சம் திறந்தே வெச்சுக்கட்டுமா?"

அவருக்கு இருமல் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"மூடிக்கோம்மா. சாயங்காலம் வந்து மொத்தமா சொல்லு, சேர்ந்து சிரிப்போம்."

கதவு மூடும்வரை பொறுத்திருந்து, அதன்பிறகுதான் இருமினார்.