எந்தக் காம்ப்?

இலங்கையில் போர் முடிந்துவிட்டதாக அறிவித்த அந்த மே மாதத்தில், நான் கனடாவில் ஸ்காபரோவில் இருந்துகொண்டு, கண்ணால் கண்டிராத ஓர் அமெரிக்கப் பட்டணத்தின் பெருமையைப் பாடிக்கொண்டிருந்தேன். மேற்கே மலையடிவாரத்தில் உள்ள சின்னப் பட்டணம். சுற்றுலாப் போக விரும்புகிறவர்கள் அதன் இலவச எண்ணுக்கு அடித்தால், அழைப்பு எங்கள் கோல் சென்ரருக்கு வரும். பழைய நீதிமன்றம், இரண்டே அறைகள் கொண்ட சிறைச்சாலை, வெள்ளிச் சுரங்கம், ரயில் வராத ரயில் நிலையம். எல்லாம் தாளில் இருக்கும், வாசிக்க வேண்டியதுதான். ஸ்காபரோவில் மோர்னிங்சைட் வீதியைத் தாண்டி அதிகம் போகாத எனக்கு, அந்தப் பட்டணத்தில் எந்தச் சந்தியில் திரும்பினால் மணிக்கூட்டுக் கோபுரம் வரும் என்பது தண்ணீர்பட்ட பாடு.

என் தம்பி, மனைவி பிள்ளைகளோடு வன்னியில் இருந்தான். ஏழு கிழமையாக ஒரு தகவலும் இல்லை. கைத்தொலைபேசியை லொக்கரில் பூட்டிவிட்டுத்தான் கதிரையில் உட்காரலாம் என்பது வேலையிடத்துச் சட்டம். சட்டம் போட்டவனுக்கு வன்னியில் யாரும் இல்லை. ஏதும் தெரிந்தால் சுப்பர்வைசரின் எண்ணுக்கு அடிக்கும்படி, பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை பார்த்த கணவருக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

சுப்பர்வைசர் தமிழ்நாட்டுக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் எங்கள் சண்டையைப் பற்றிக் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல விசாரிப்பார். அன்று மத்தியானம் ஓர் அமெரிக்கக் கிழவியோடு நான் பேசிக்கொண்டிருந்தபோது, மஞ்சள் துண்டு ஒன்றை என் முன்னால் ஒட்டிவிட்டுச் சிரித்தபடி போனார். அதில் எழுதியிருந்தது: "கணவர் போன் பண்ணார். தம்பி கேம்ப்ல இருக்காராம்."

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த காலத்தில் காம்ப் என்றால் ஆமிக் காம்ப், ராணுவ முகாம். ஒருவனைக் காம்ப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றால், அடுத்த கேள்வி கேட்க யாருக்கும் வாய் வராது. சனத்தை அடைத்து வைத்த அகதி முகாமையும் இப்போது காம்ப் என்றுதான் சொன்னார்கள். என் தம்பி எதில்?

அழைப்பை இடையில் வெட்டினால் வேலை போய்விடும். கிழவிக்கோ ஓர் அவசரமும் இல்லை. பட்டணம் எப்படித் தொடங்கியது என்று கேட்டாள்.

தாளின் முதல் வரியே அதுதான். "முதலில் இது ஒரு காம்ப்," என்று ஆங்கிலத்தில் வாசித்தேன். வெள்ளி தோண்ட வந்தவர்கள் கூடாரம் அடித்துத் தங்கிய காம்ப். வெள்ளி தீர்ந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள்.

"நினைத்தவுடன் போக முடிந்ததா?" என்றாள்.

"ஓம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. பிறகு, சவக்காலையில் பெயர் இல்லாத குழிகளும் உண்டாமே, பார்க்கலாமா என்று கேட்டாள். பார்க்கலாம், அனுமதி இலவசம் என்றேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? ஆனாலும் அந்த நிமிடம் அவளை வெறுத்தேன்.

ஒருவழியாக அவள் வைத்ததும் சுப்பர்வைசரிடம் ஓடினேன்.

"ஏன் மேடம் முகம் இப்படி ஆயிடுச்சு? தம்பி டூர்லதானே இருக்கார்? எங்க ஊர்ல கலெக்டர் கேம்ப்ல இருக்கார்னா வெளியூர் போயிருக்கார்னு அர்த்தம்."

"எங்கடை ஊரிலை வேறை அர்த்தம், சேர்!" கத்தியே விட்டேன். அவருடைய மேசைப் போனை இழுத்துக் கணவருக்கு அடித்தேன்.

"எந்தக் காம்ப்?"

"அகதிக் காம்ப். ஒரு பாதர் நேரிலை பாத்தவராம். பெண்சாதி பிள்ளையளோடைதான் நிக்கிறான். நீர் அழாதையும்."

"வடிவாத் தெரியுமோ? தனியப் பிரிச்சுக் கொண்டுபோகேல்லையோ?"

"இல்லையப்பா, நாலு பேரும் ஒரு கூடாரத்துக்கைதான்."

"வெளியிலை விடுறாங்களோ?"

"ஆரை விடுறாங்கள்? சுத்திவர முட்கம்பி. வாசல்லை ஆமி."

"அப்பாடா," என்றேன்.

என் தம்பியை முட்கம்பிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதும் என் வாயில் வந்த சொல் அது. அவன் இப்போது கிழமைக்கு ஒருமுறை என்னோடு கதைக்கிறான். இன்றுவரை அதை அவனிடம் சொன்னதில்லை.