ஊதுவத்திக்காரரும் ஓரகத்திகளும்

ஊதுவத்திக்காரர் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மின்விசிறிகளை நிறுத்தச் சொல்வார். பிறகு ஜன்னல்களைச் சாத்தச் சொல்வார். அதற்குப் பிறகு யாரும் குறுக்கே நடக்க வேண்டாம் என்று தாழ்மையாகக் கேட்டுக்கொள்வார். வீட்டார் படம் பிடிக்க நிற்பவர்களைப் போலச் சுவரோரம் ஒதுங்கி நிற்பார்கள். அவர் பையிலிருந்து ஊதுவத்தி ஒன்றை எடுத்துப் பற்றவைத்து, வாசற்கதவின் விளிம்பையொட்டிக் கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்துவார். புகை நேராக எழுந்தால் தலையை ஆட்டுவார். எங்காவது வளைந்தால் அங்கேயே நின்று, காதில் செருகிய பென்சிலை எடுத்துக் கோடு போடுவார். புதிதாகப் பார்க்கிறவர்கள், வீட்டில் காத்துக்கருப்பு ஏதோ இருக்கிறது, அதை விரட்ட ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வதுண்டு. அதில் பாதி சரி. கருப்பைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

கதவும் ஜன்னலும் செய்கிற பட்டறையில்தான் அவர் பல வருடம் இருந்தார். ஏசி வாங்கியும் அறை குளிரவில்லை என்று ஆட்கள் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் ஒரு வீட்டில் படுக்கையறைக் கதவின் அடியில் கையை வைத்துப் பார்த்தார். விரல்கள் சில்லென்று ஆயின. அந்த வீட்டுக்காரர் வராந்தாவைக் குளிர வைத்துக்கொண்டிருந்தார். அது போதாதென்று இன்னும் பெரிய ஏசி வாங்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து இவருக்கு இடுக்குகளின் மேல் கண் விழுந்தது. ரப்பர் நாடா, கம்பளித் துண்டு, கதவின் அடியில் ஒட்டுகிற தூரிகைப் பட்டை எல்லாவற்றையும் வாங்கித் தன் வீட்டில் ஒட்டிப் பார்த்து, பிய்த்து, மறுபடி ஒட்டித் தானாகவே கற்றுக்கொண்டார். ஏசி குழாய் போகிற துளையைச் சுற்றி எவ்வளவு காற்று ஓடுகிறது, சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் எவ்வளவு ஓடுகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பல்லி எந்த வழியாக உள்ளே வருகிறது என்று வீட்டுக்காரர்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும்.

அவர் மனைவிக்கு இந்தத் தொழிலில் ஒரே ஒரு குறை. வீட்டுக்குள் அவள் ஒரு தட்டைக் கீழே போட்டால்கூடத் தெருவில் யாருக்கும் கேட்பதில்லை. "நான் கத்தினாக்கூட யாரும் வரமாட்டாங்க போல" என்பாள். "நீ கத்தினா நான் வருவேன்ல" என்பார் அவர். "நீங்க இருக்கறதாலதான் கத்துவேன்" என்பாள் அவள்.

அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அடைத்த இடத்தில் காற்று ஒழுகுகிறது என்று எந்த வீட்டிலிருந்தும் யாரும் அவரைத் திரும்பக் கூப்பிட்டதில்லை. இதை அவர் வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டார். யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஓரகத்திகள் வீட்டு வேலை வந்தது.

அது முன்பு ஒரே வீடு. அண்ணனும் தம்பியும் அதை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். கூடம் அண்ணனுக்கு, பழைய சமையலறையும் பின்னறைகளும் தம்பிக்கு. அண்ணன் கூடத்தின் மூலையில் ஒரு மேடை கட்டி அடுப்பு வைத்துக்கொண்டார். நடுவிலிருந்த கதவைச் சாத்தி, இரண்டு பக்கமும் ஆணி அடித்துவிட்டார்கள். காரணம் சகோதரர்கள் இல்லை. அவர்கள் இன்றும் ஒரே ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போகிறார்கள். மனைவிமார் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. இரவல் போன குக்கர் மூடி ரப்பர் இல்லாமல் திரும்பி வந்தது. ரப்பரோடுதான் கொடுத்தேன் என்றாள் ஒருத்தி, ரப்பர் இல்லாமல்தான் வந்தது என்றாள் மற்றவள். அவ்வளவுதான்.

பேச்சு நின்றது என்றால், நேருக்கு நேர் பேசுவது நின்றது. ஆணி அடித்த கதவைச் சுற்றி இடுக்கு தாராளமாக இருந்ததால் மற்றபடி குறைவில்லை. மூத்தவள் தன் குளிர்பதனப் பெட்டியைப் பார்த்து, சில பேருக்கு விடியும்போதே மிக்ஸி போடாவிட்டால் தூக்கம் கலையாது போலிருக்கிறது என்பாள். அந்தப் பக்கம் இளையவள் தன் துடைப்பத்திடம், சில பேர் எழுந்திருக்கிற நேரத்தில் நாம் மதியச் சாப்பாடே முடித்துவிடுவோம் என்பாள். குளிர்பதனப் பெட்டி பதில் தேடும். துடைப்பம் காத்திருக்கும். சமையல் முடிகிற வரை இது நடக்கும். சாயந்திரம் கணவர்கள் வந்ததும் இரண்டு வீடும் அமைதியாகிவிடும்.

மூத்தவள் வீட்டில் புதிதாக ஏசி போட்டார்கள். கூடம் குளிர நேரமானது. ஒரு நாள் அவள் பழைய கதவின் அடியில் காலை வைத்தவள், தன் குளிர் ஆற்றுத்தண்ணீர் மாதிரி அந்தப் பக்கம் ஓடுவதைக் கண்டுபிடித்தாள். இளையவள் வீட்டில் ஏசி கிடையாது. உடனே ஊதுவத்திக்காரருக்கு ஆள் போயிற்று.

அவர் கதவடியில் ஊதுவத்தியைப் பிடித்தார். புகை படுத்துக்கொண்டே ஓடி இடுக்குக்குள் மறைந்தது. மூத்தவள் அதைக் குனிந்து ஆசையாகப் பார்த்தாள்.

"பாத்தீங்களாண்ணே, எப்படி ஓடுது. நான் கரண்டு கட்டறேன், மகாராணி அங்க கால நீட்டிப் படுத்துக்கறா. ஒரு மூச்சுக்காத்துகூடப் போகக் கூடாது."

அவருக்கு இந்த மாதிரி கட்டளை என்றால் தேன். இடுக்கில் கம்பளியைத் திணித்து, மேலே ரப்பர் ஒட்டி, பிசின் பூசி, முழுக் கதவையும் மூடுகிற மாதிரி தடித்த நுரைப்பலகை ஒன்றை வைத்துத் திருகாணியால் முடுக்கினார். புகை கோடு கிழித்த மாதிரி நேராக நின்றது. அவர் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சில நாட்கள் மூத்தவளுக்குக் கொண்டாட்டம். ஏசி கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிட்டது. அப்புறம் ஓட வேண்டிய தேவையே அதற்கு இல்லை. குளிர்பதனப் பெட்டியிடம் அதைப் பற்றி விலாவாரியாகச் சொன்னாள். பதில் வரவில்லை. சரி, வயிறு எரிகிறது என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். அப்போதும் இல்லை. அதற்கடுத்த நாள் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினாள். அந்தப் பக்கம் ஒரு கரண்டிகூட அசையவில்லை.

பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இளையவள் பேசாமல் இருக்கிறாள் என்பது என்ன நிச்சயம்? பேசிக்கொண்டேதான் இருப்பாள். தினமும் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பாள். இங்கே கேட்காததால் பதில் போகவில்லை. பதில் போகாததால், தான் வாயடைத்துப்போனதாக அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். அன்று மூத்தவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அது மட்டும் என்றால் தாங்கிக்கொண்டிருப்பாள். கணவர் போன பிறகு வீடு கிணறு மாதிரி கிடந்தது. தான் சொன்ன ஒரு நல்ல வார்த்தை, அதாவது நல்ல குத்தலான வார்த்தை, யாரிடமும் போய்ச் சேராமல் நுரைப்பலகையில் மோதிக் கீழே விழுந்தது. வரும்படி இல்லாத கடைபோல் அவள் வாய் ஆகிவிட்டது. அடைப்பைப் பிரித்துவிடச் சொல்லலாம். ஏன் பிரிக்க வேண்டும் என்று கணவர் கேட்பார். கேட்டுவிட்டு ஸ்கூட்டரில் தம்பியிடம் சொல்வார். தம்பி வீட்டில் போய்ச் சொல்வார். அதற்குப் பதில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

எனவே அவள் ஊதுவத்திக்காரரைக் கூப்பிட்டு, அடைப்பு ஒழுகுகிறது என்றாள்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. வந்து, ஊதுவத்தியைப் பற்றவைத்து, கதவைச் சுற்றிப் பிடித்தார். புகை நேராக நின்றது. மூத்தவள் பக்கத்தில் நின்று முந்தானையால் மெல்ல முகத்தை விசிறிக்கொண்டாள். புகை ஆடியது.

"பாருங்க, வளையுது."

"நீங்க விசிறினா வளையத்தாம்மா செய்யும்."

"வேர்க்குதுண்ணே."

அறையில் அப்போது ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பையைக் கட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, குளிரில் வேர்க்கிற வீட்டை இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றாள்.

இரண்டொரு நாளில் இளையவளிடமிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பக்கம் அடைத்ததிலிருந்து இங்கே மூச்சு முட்டுகிறதாம். அவர் அங்கேயும் போனார். அங்கேயும் புகை நேராகத்தான் நின்றது. இளையவள் தரையைப் பெருக்குவது போலத் துடைப்பத்தை வைத்துக்கொண்டு ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடப்பிறந்தவனிடம் விசாரிப்பது போல ஏதேதோ கேட்டுவிட்டுக் கடைசியில் மெல்ல ஆரம்பித்தாள்.

"அந்தப் பக்கம் போயிருந்தீங்களாமே. அவங்க உடம்பு கிடம்பு நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்காங்க."

"இல்ல, சத்தமே காணோமேன்னு கேட்டேன். எனக்கென்ன."

ஊதுவத்திக்காரர் துடைப்பத்தைப் பார்த்தார். நுரைப்பலகையின் மறுபக்கம் குளிரில் வேர்த்து நின்றவள் நினைவுக்கு வந்தாள். அடைத்ததில் பிசகில்லை, அடைத்ததுதான் பிசகு என்று அவருக்குப் புரிந்தபோது முதலில் வந்தது நிம்மதிதான். தன் வேலை ஒழுகவில்லை. அதற்குப் பிறகு வந்தது சங்கடம். கையால் அடைத்த இடத்தைக் கையாலேயே பிய்த்துவிட்டுப் போவதா? அவர் பழக்கத்தில் அது கிடையாது. பிய்க்காமலும் இருக்க வேண்டும், பேச்சும் போக வேண்டும். இருவரில் ஒருத்தியும் அதைக் கேட்டதாக ஆகிவிடக் கூடாது.

அவர் வாழ்நாளில் காற்றைப் பற்றிப் பொய் சொன்னதில்லை. மறுநாள் சொன்னார். முதலில் மூத்தவளிடம். அடைத்த மரக்கதவு மூச்சு விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பூசணம் பிடித்து உளுத்துவிடும்; அதனால் நடுவில் ஒரு சின்னத் துளை போட்டு, இரு பக்கமும் ஆளுக்கொரு மூடி வைக்க வேண்டும் என்றார். மூடிக்கு நான்கு பக்கமும் ரப்பர். சாத்தினால் மூச்சுக்காத்து போகாது. தினமும் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் போதும்.

அந்தக் கதவைப் பற்றி இதுவரை ஒரு நாளும் கவலைப்படாத மூத்தவள், "ஐயோ, பழைய கதவாச்சே" என்றாள். "எந்நேரம் திறக்கணும்?"

"சமைக்கிற நேரத்துல திறங்க. அப்பதான் மரத்துக்கு நல்லது."

"அவ பக்கமும் திறக்கணுமா?"

"ரெண்டு பக்கமும் திறந்தாத்தாம்மா காத்து போகும்."

"அவகிட்ட நான் சொல்ல மாட்டேன்."

"நான் சொல்லிக்கறேன்."

இளையவளும் மரத்துக்காக உடனே சம்மதித்தாள். இருவரையும் தனித்தனியாகக் கதவோரம் நிற்கச் சொல்லி, எந்த உயரத்தில் புழுக்கம் தெரிகிறது என்று கேட்பது போல அவரவர் காது உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். மூத்தவள் நெட்டை, இளையவள் குட்டை. இரண்டு கோட்டுக்கும் நடுவில் துளை போட்டார். ஒருத்தி குனிய வேண்டும், மற்றவள் எட்ட வேண்டும். இருவருக்கும் ஒரே அளவு சிரமம் என்பதால் புகாருக்கு இடமில்லை.

துளை உள்ளங்கை அளவுதான். மூடிகளை இழைத்து, ரப்பர் ஒட்டி, கொக்கி மாட்டி, ஊதுவத்தியைப் பிடித்துப் பார்த்தார். சாத்தியிருக்கும்போது புகை அசையவில்லை. மூத்தவளிடம் அவள் பக்க மூடியைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, தெருவைச் சுற்றி இளையவள் வீட்டுக்குப் போய், இந்தப் பக்க மூடியைத் திறந்தார். குளிர் காற்று மெல்ல அவர் முகத்தில் பட்டது. தன் கையாலேயே காற்றை ஒழுகவிட்டது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

இளையவள் துளையைப் பார்க்காமல் கைவேலையாக நின்றாள். மறுபக்கம் வளையல் சத்தம் கேட்டது. மூத்தவள் அங்கேதான் நிற்கிறாள், குனிந்து நிற்கிறாள். இத்தனை நாள் தேக்கி வைத்த பேச்சில் எதை முதலில் எடுப்பது என்று தெரியாமலோ, யார் முதலில் எடுப்பது என்று தெரியாமலோ, இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஊதுவத்திக்காரர் உளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்துப் பைக்குள் வைத்தார். துடைத்ததையே மறுபடி எடுத்துத் துடைத்தார்.

காற்று அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்ததால் வாசனையும் இங்கேதான் முதலில் வந்தது. இளையவள் மூக்கைச் சுளித்தாள். துடைப்பத்தைத் தேடினாள். துடைப்பம் கையெட்டும் தூரத்தில் இல்லை.

"அக்கா, பால் பொங்குது."

மறுபக்கம் வளையல்கள் ஓடின. அடுப்பு அணைகிற சத்தம், பாத்திரம் நகர்கிற சத்தம். பிறகு வளையல்கள் திரும்பி வந்தன.

"எனக்கும் மூக்கு இருக்குடி."

"இருந்தா முன்னாடியே அணைச்சிருக்கலாமே."

"எப்படி அணைக்கறது? இங்க மரத்துக்குக் காத்து வாங்கிட்டு நிக்கறேன். பாதிப் பால் போச்சு, உன்னாலதான்."

"என்னாலயா? நான் சொல்லலேன்னா மீதியும் போயிருக்கும்."

"சொல்றது மட்டும் நல்லாச் சொல்லுவ. அன்னைக்கு அந்த ரப்பரைப் பத்தி இப்படிச் சொல்லியிருந்தா..."

இளையவள் கால் விரல்களில் எழும்பி, துளையருகே வாயைக் கொண்டுபோனாள். ஊதுவத்திக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். இளையவள் தலைக்கு மேல் கொடியில் கிடந்த துண்டு குளிர் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எவ்வளவு போகிறது என்று அவருக்குக் கண்ணாலேயே அளக்க முடிந்தது. கை துறுதுறுத்தது.

"சமையல் முடிஞ்சதும் மூடிடுங்கம்மா" என்றார்.

இளையவள் திரும்பாமலே, போய்வாருங்கள் என்று பின்னால் கையை அசைத்தாள். அவள் அப்போதுதான் ரப்பருக்கு வந்திருந்தாள்.