துணி கட்டாத நான்கு வரிசைகள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை நினைத்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம்.

அக்கா ரிங்லெட் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தார். அப்பா தவறியபோது அவருக்குப் பதினேழு வயது, எனக்கு எட்டு. அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போய் என்னைப் படிக்க வைத்தார். மாமாவைக் கைப்பிடித்த பிறகு இருவருமாகக் கோலா தெர்லாவில் நிலம் வாடகைக்கு எடுத்துத் தக்காளி போட்டார்கள். செடிகளுக்கு மேல் போட்ட பிளாஸ்டிக் கூரையைக் காற்று இரண்டு முறை பிய்த்துக்கொண்டு போயிற்று. அக்கா அழவில்லை, நாள் முழுக்கக் காற்றைத் திட்டினார். திட்டுவதில் அவருக்கு இணை அவரேதான். திட்டி முடித்த வாயாலேயே சாப்பிடவும் கூப்பிடுவார்.

அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. பூச்சி மருந்து அடித்த வரிசையின் முனையில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். ஐந்து நாள் கழித்து அவர் கையால் அதை அவிழ்த்த பிறகே அங்கே பழம் பறிக்கலாம். "நம்ம புள்ளைக்கு இப்பவே பறிச்சுத் திங்கக் குடுப்பியா? அப்ப ஊரான் புள்ளைக்கு மட்டும் குடுக்கலாமா?" என்பார்.

இனி எழுதப்போவதை உங்களில் பலர் வேறு மாதிரிக் கேட்டிருப்பீர்கள்.

எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த சமயம். அக்காவின் தோட்டத்தில் மருந்து அடிப்பது என் வேலை. ஒரு மாலை, அந்தப் பெண்ணைப் பார்க்க டவுனுக்கு ஓடும் அவசரத்தில், நான்கு வரிசைகளுக்கு மருந்து அடித்துவிட்டுத் துணி கட்டாமல் கிளம்பிவிட்டேன். மறுநாள் காலையில் வேலையாட்கள் அவற்றையும் பறித்து மற்ற பழங்களோடு கலந்துவிட்டார்கள். மாமா லோரியை எடுத்துப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மாமாவுக்குப் போன் போட்டு, "லோரிய திருப்புங்க," என்றார். திரும்பி வந்த அத்தனை கூடைப் பழத்தையும் குழி வெட்டிப் புதைத்தோம்.

மொத்தமாகப் பழம் வாங்கும் முதலாளியான தவுக்கேயிடம் அக்கா, "துணி கட்ட மறந்தது நாந்தான்," என்றார். நான் வாயைத் திறந்தபோது கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு தனியே, "சும்மா இரு லா, தம்பி. பொண்ணு வீட்டுக்காரவங்களும் காய்கறி போடுறவங்க. இவனுக்கா பொண்ணக் குடுக்கிறதுன்னு யோசிப்பாங்க," என்றார்.

நான் சும்மா இருந்துவிட்டேன். அந்தப் பருவம் முழுவதும் தவுக்கே எங்கள் பழத்தை எடுக்கவில்லை. "பொம்பள நிர்வாகம், வேற எப்படி இருக்கும்?" என்று பேசியவர்களும் உண்டு. கல்யாணம் முடியட்டும் என்றிருந்தேன். பிறகு பிள்ளை பிறக்கட்டும் என்றிருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கடைசி மாதங்களில் சிறுநீரகம் பழுதாகி நடை தளர்ந்தபோதும், அக்கா கூரைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாரையும் வேலை வாங்கினார். ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

காரியத்தன்று ஒரு பெரியவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "அந்தத் தக்காளி விஷயத்தத் தவிர, அவங்க மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது." மாமா என்னைப் பார்த்தார்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அண்ணி இருக்கறப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

அக்காவைக் கைக்குழந்தைபோலப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும், மருத்துவமனைக்கு வண்டி ஓட்டிய அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த தோட்டத்து மக்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. உங்களிடம் இன்னும் ஒன்று கேட்கிறேன். இனி அந்தத் தக்காளிப் பேச்சு எங்கே வந்தாலும் அக்காவை விட்டுவிடுங்கள். என் பெயரைச் சொல்லுங்கள்.