கைக்கு முதலில் வந்த எலிகள்

என் தங்கைக்கு நான் வைத்த பட்டப்பெயர் எலிராணி. ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது அவள் உத்தியோகம். கூண்டு மாற்றுவாள், எடை பார்ப்பாள், வால் நுனியிலிருந்து இரத்தம் எடுப்பாள். அவ்வளவு தைரியசாலி, கரப்பான் பூச்சியைக் கண்டால் மட்டும் நாற்காலி மேல் ஏறிவிடுவாள்.

எனக்குப் புற்றுநோய் வந்த பிறகு அவள் வேலையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்க ஆரம்பித்தேன். காரணம் இருந்தது. கட்டியைக் கரைக்க ஏற்றிய மருந்து, இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்து அடித்துப் போட்டுவிட்டது. வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்தில். அவை ஏறாமல் அடுத்த ஊசி கிடையாது என்று டாக்டர் என்னைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். கட்டியா காத்திருக்கும்?

அவள் கூடத்தில் இதற்கென்றே ஒரு புது மருந்தைச் சோதித்தார்கள். எலிகளுக்குக் கட்டி வளரவைத்து, எல்லாவற்றுக்கும் கட்டி மருந்தைப் போட்டார்கள். பிறகு பாதிக்குப் புது மருந்து, மீதிக்கு வெறும் உப்புநீர். புது மருந்துக் கூண்டில் அணுக்கள் மளமளவென்று ஏறின. அடுத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்கப் போவதாகச் சொல்லும்போது அவளுக்கு வாயெல்லாம் பல். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன்.

"அத்தனை எலி இருக்கே, எதுக்கு எந்த மருந்துன்னு எப்படிப் பிரிப்ப?"

"கூண்டுக்குள்ள கைய விடுவேன். முதல்ல வர்றதெல்லாம் உப்புநீர், அப்புறம் வர்றது மருந்து. நான் ஒண்ணும் பாத்துப் பொறுக்கலண்ணா. கைக்கு வந்ததுதான்."

"முதல்ல எது மாட்டும்?"

"சோர்ந்து கிடக்குறதுதான். தெம்பா இருக்குறது ஓடி ஓடி..."

பாதியில் நிறுத்திவிட்டாள். கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

எனக்கும் விளங்கிவிட்டது. நோஞ்சான்கள் எல்லாம் உப்புநீருக்குப் போயிருக்கின்றன, தெம்பானவை எல்லாம் மருந்துக்கு. தெம்பானவற்றுக்கு அந்த மருந்தே இல்லாமலும் அணுக்கள் ஏறியிருக்கும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"யாருக்குத் தெரியப் போகுது, விடு" என்றேன். பயத்தில்தான் சொன்னேன். அவள் கை கழுவிவிட்டுக் கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

மேலதிகாரி திட்டவில்லையாம். "பிரிச்சு வைங்கன்னு சொன்னேன், எப்படின்னு நானும் சொல்லலையே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாராம். புது எலிகளை வரவழைத்தார்கள். இந்த முறை ஒவ்வொரு எலிக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கூண்டு பிரித்தாள். முடிவு வந்தபோது இரண்டு கூண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு அவள் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம்.

"பேசாம இருந்திருந்தா எனக்கு அந்த மருந்து கிடைச்சிருக்கும்ல?"

"கிடைச்சிருக்கும். நீயும் நம்பிப் போட்டிருப்ப." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மருந்து உன்கிட்ட வந்து தோக்குறதுக்கு, எலிகிட்டயே தோத்துட்டுப் போகட்டும்ணா."

இப்போது அவள் கூடத்தில் வேறொரு மருந்து சோதனைக்கு வந்திருக்கிறதாம். அதற்கான சீட்டுகளை நான்தான் வெட்டி மடித்துக் கொடுத்தேன். என் அணுக்கள் இன்னும் ஏறவில்லை.